குழந்தை மொழி கற்பதும் சிந்திப்பதும்

பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைக்குத் தாயின் குரல் தெரியும். அமெரிக்க உளவியலாளர்கள் ஆந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980இல் இதை ஒரு ரப்பர் காம்பை வைத்தே நிரூபித்தார்கள். குழந்தை காம்பைச் சப்பும்போது நடுநடுவே நிறுத்தும். அந்த இடைவெளி நீண்டால் ஒரு குரலும் குறைந்தால் இன்னொரு குரலும் கேட்கும்படி கருவியை அமைத்தார்கள். ஒன்று தாயின் குரல், மற்றது வேறொரு பெண்ணின் குரல். தாயின் குரல் வரும்படி குழந்தைகள் தாங்கள் சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன. ஆறு ஆண்டுகள் கழித்து டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் ஒரே குழந்தைக் கதையை நாளுக்கு இருமுறை உரக்கப் படித்தார்கள். பிறந்த பிறகு அக்குழந்தைகள் புதுக் கதையைவிட அந்தப் பழைய கதையைக் கேட்கவே விரும்பின. வேறு பெண் படித்தபோதும் அப்படித்தான்.

கருப்பைக்குள் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. மூடிய கதவுக்கு அப்பால் யாரோ பேசுவதுபோல ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டுமே உள்ளே போய்ச் சேர்கின்றன. ஆகவே மொழியில் குழந்தைக்கு முதலில் பழக்கமாவது அதன் ராகம். அது அழுகையிலும் தெரிகிறது. ஜெர்மனியில் கேத்லீன் வெர்ம்கேயின் குழு, பிறந்து சில நாள்களே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவுசெய்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலே தொடங்கிக் கீழே இறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் போக்கும் அதுவே.

அடுத்து ஒலிகள். 'பந்து' என்பதன் முதல் ஒலியும் 'பஸ்' என்பதன் முதல் ஒலியும் வேறு வேறு. தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே பகரத்தால் எழுதினாலும் ஒரு மாதக் குழந்தையின் காது அவற்றைப் பிரித்தறியும் என்று பீட்டர் ஐமஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1971இல் காட்டினார்கள். எந்த மொழியில் பிறக்கப்போகிறோம் என்பது குழந்தைக்குத் தெரியாது. அதனால் எந்த மொழிக்கும் தயாரான காதோடு அது பிறக்கிறது. அந்தத் தயார்நிலை நெடுநாள் நீடிப்பதில்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று இந்தியில் உள்ள இரண்டு ஒலிகள்: நாக்கு பல்லைத் தொடும் 'த', நாக்கை மேலே மடித்துச் சொல்லும் 'ட'. 'பத்து' வேறு, 'பட்டு' வேறு என்பது தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை தெரியும் என்று குழந்தைகளைப் பழக்கிச் சோதித்தார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகளில் ஆறு முதல் எட்டு மாதத்தினர் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தினரில் மிகச் சிலருக்கே அது முடிந்தது. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளிடம் அந்தத் திறன் அப்படியே இருந்தது.

இதை இழப்பு என்று வருந்த வேண்டியதில்லை. தன்னைச் சுற்றியுள்ளவர்கள் பயன்படுத்தாத வேறுபாடுகளைக் கைவிட்டால்தான் அவர்கள் பயன்படுத்தும் வேறுபாடுகளில் குழந்தை கூர்மையடைய முடியும். ஆனால் இதில் தமிழ் வீடுகளுக்கு ஒரு செய்தி இருக்கிறது. ழகரத்தையும் ளகரத்தையும் பெரியவர்களே ஒன்றுபோல ஒலிக்கும் வீட்டில், அவற்றைப் பிரித்தறியும் வேலையே குழந்தையின் காதுக்கு வருவதில்லை. நாக்குக்கு முன்பே காது முடிவெடுத்துவிடுகிறது.

ஒலிகள் பிடிபட்டாலும் சொற்கள் உடனே பிடிபடுவதில்லை. எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அந்த இடம் கிடையாது. 'பாப்பாவுக்குப் பசிக்குதா' என்பது காதுக்கு ஒரே நீரோட்டம். அதில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் 1996இல் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற சில மூன்றசைச் சொற்களை மாற்றி மாற்றி அடுக்கி, இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல் இரண்டே நிமிடம் கேட்கச் செய்தார்கள். அதன் பிறகு குழந்தைகளுக்கு 'சொற்களும்' சொற்களல்லாத அசைத் துண்டுகளும் வேறுபட்டுத் தெரிந்தன. எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்று அவை தம்மையறியாமல் கணக்கெடுத்திருந்தன. 'பாப்' என்ற அசைக்குப் பிறகு பெரும்பாலும் 'பா' வரும். ஆனால் 'பாப்பா'வுக்குப் பிறகு 'எங்கே', 'வா', 'தூங்கு' என எது வேண்டுமானாலும் வரலாம். அடுத்து வருவதை ஊகிக்க முடியாமல் போகும் இடமே சொல்லின் எல்லை.

பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் பேச்சு இந்தக் கணக்கை எளிதாக்குகிறது. குரல் உயர்கிறது, வேகம் குறைகிறது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 'மம்மு', 'இங்கா', 'டாட்டா' போன்ற சொற்கள் அந்தப் பேச்சுக்கென்றே பிறந்தவை. இப்படிக் கொஞ்சிப் பேசினால் குழந்தைக்குத் திருத்தமான பேச்சு வராது என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. கொஞ்சு குரலின் ஏற்ற இறக்கத்தில் கேட்டபோதுதான் குழந்தைகள் சொல் எல்லைகளை எளிதில் கண்டுபிடித்தன என்று எரிக் தீசனும் சாஃப்ரனும் 2005இல் காட்டினார்கள்.

பேச்சு காதில் விழுந்தால் மட்டும் போதுமா என்பது இன்றைய வீடுகளுக்கு முக்கியமான கேள்வி. அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீஷியா கூலின் குழு 2003இல் இதற்குத் தெளிவான விடை தந்தது. ஆங்கிலம் மட்டுமே கேட்டிருந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மாண்டரின் பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து விளையாடினார்கள். நான்கு வாரங்களில் பன்னிரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம். முடிவில் அக்குழந்தைகள் தைவானில் பிறந்து வளர்ந்த குழந்தைகளைப் போலவே ஒரு மாண்டரின் ஒலி வேறுபாட்டை அறிந்துகொண்டார்கள். அதே ஆள்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம் தொலைக்காட்சித் திரையில் காட்டப்பட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்ட குழந்தைகளும் அப்படியே. ஓர் ஆள் எதிரே இருந்து, குழந்தை பார்ப்பதைத் தானும் பார்த்து, அதன் முகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கைபேசியைக் கையில் கொடுத்துச் சோறூட்டும் பழக்கத்தில் கெட்டுப்போவது இந்தப் பரிமாற்றம்தான்.

நிலாவைக் காட்டிச் சோறூட்டும் பழைய வழக்கத்தில் அந்தப் பரிமாற்றம் முழுமையாக இருந்தது. குழந்தையோடு விளையாட நிலாவை அழைப்பதற்கென்றே பிள்ளைத்தமிழ் நூல்கள் அம்புலிப் பருவம் என்று ஒரு பருவத்தை ஒதுக்கின. தாயின் விரல் வானத்தை நோக்கிப் போகிறது. குழந்தை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பிறகு தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்பது இருவருக்கும் தெரிகிறது. ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் தோன்றும் இந்தக் கூட்டுக் கவனத்தையே மொழியின் அடித்தளம் என்கிறார் மைக்கேல் டோமசெல்லோ. சொல்லுக்கும் பொருளுக்கும் முடிச்சு விழும் இடம் அதுதான். நிலாவைக் காட்டி 'நிலா' என்றால், அது அந்த வட்டத்தின் பெயரா, அதன் வெளிச்சத்தின் பெயரா, வானத்தின் பெயரா, சுட்டும் செயலின் பெயரா? ஒரு சொல்லுக்கு இப்படி எத்தனையோ பொருள் சாத்தியம் என்று தத்துவவாதி வில்லார்ட் குவைன் 1960இல் எழுப்பிய சிக்கல் இது. குழந்தையோ பெரும்பாலும் தடுமாறுவதில்லை. பேசுபவரின் மனம் எதன்மேல் இருக்கிறது என்பதைத் தேடிப் பார்க்கிறது. குழந்தை தன் கையிலுள்ள பொம்மையில் ஆழ்ந்திருக்கும்போது, வேறொரு பொம்மையைப் பார்த்தபடி பெரியவர் ஒரு புதுப்பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றரை வயதுக் குழந்தை நிமிர்ந்து பெரியவரின் பார்வையைத் தொடர்ந்து, அவர் பார்க்கும் பொம்மைக்கே அந்தப் பெயரைச் சூட்டுகிறது. டேர் பால்ட்வின் 1990களின் தொடக்கத்தில் கண்டது இது.

வாயின் வளர்ச்சி காதுக்குப் பின்னால்தான் வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் 'ஊ', 'ங்கா'. ஆறேழு மாதத்தில் 'பபப', 'மமம' என்ற அசை அடுக்குகள். ஒரு வயதை ஒட்டி முதல் சொல். சொற்கள் சுமார் ஐம்பதைத் தொடும்போது, ஒன்றரை வயதை ஒட்டிப் பல குழந்தைகளிடம் சொல் வேகமாகப் பெருகுகிறது, இரண்டு சொற்களைச் சேர்ப்பதும் தொடங்குகிறது: 'அப்பா வா', 'பால் வேணாம்'. இந்த மாதக் கணக்குகள் சராசரிகளே. ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளும் சில மாதங்கள் முன்பின் ஆகும். வாய் பின்தங்கியிருப்பதால் அறிவும் பின்தங்கியிருக்கிறது என்று பொருளில்லை. ஜீன் பெர்கோவும் ராஜர் பிரவுனும் 1960இல் பதிவுசெய்த ஓர் ஆங்கிலக் குழந்தை மீன் பொம்மையை 'ஃபிஷ்' என்று சொல்ல வராமல் 'ஃபிஸ்' என்றது. பெரியவரும் 'ஃபிஸ்' என்றே திருப்பிச் சொன்னபோது அது மறுத்தது. அவர் 'ஃபிஷ்' என்ற பிறகே ஒப்புக்கொண்டது. 'மழை'யை 'மயை' என்று சொல்லும் தமிழ்க் குழந்தையும், பெரியவர் கேலியாக 'மயை' என்றால் முகத்தைச் சுளிப்பதுண்டு.

இலக்கணம் வந்து சேரும் விதம் இன்னும் வியப்பானது. ஆங்கிலக் குழந்தைகள் மூன்று வயது வாக்கில் 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோட்' என்று சொல்லத் தொடங்குகிறார்கள். அந்தச் சொல்லை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. இறந்தகால விகுதியைத் தாமே கண்டெடுத்து, அது ஒட்டாத இடத்திலும் ஒட்டிப் பார்க்கிறார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதே மொழி கற்பது என்றால் இந்தப் பிழை நேரவே முடியாது. 1958இல் பெர்கோ 'வக்' என்று ஒரு கற்பனைப் பிராணியைப் படத்தில் காட்டி, இரண்டு இருந்தால் எப்படிச் சொல்வது என்று கேட்டார். குழந்தைகள் தயங்காமல் 'வக்ஸ்' என்றன. தமிழின் வினைச்சொல் வெளியார் கண்ணுக்குப் பெரும் சுமை: 'வந்தேன்', 'வந்தாள்', 'வந்தாங்க', 'வந்துச்சு' என்று காலம், இடம், திணை, பால், எண் எல்லாம் ஒரே சொல்லில் ஏறியிருக்கின்றன. ஆனால் உறுப்புகள் ஒன்றோடொன்று குழம்பாமல் வரிசையாக ஒட்டுவதால் குழந்தைக்கு அது சுமையே இல்லை. பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மிக இளம் வயதிலேயே தமிழ்க் குழந்தைகள் இவ்விகுதிகளைப் பெரும்பாலும் சரியாகக் கையாண்டார்கள்.

பெற்றோர் திருத்துவதால்தான் இலக்கணம் வருகிறது என்பதும் சரியில்லை. பிரவுனும் கமில் ஹான்லனும் 1970இல் கண்டபடி, பெற்றோர் திருத்துவது செய்தியின் உண்மையையே. இலக்கணத்தை அவர்கள் அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. பழக்கமும் பரிசும்தான் மொழியை உண்டாக்குகின்றன என்று பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் எழுதிய நூலை, இரண்டு ஆண்டுகளில் நோம் சாம்ஸ்கி கடுமையாக மறுத்ததற்குக் கேட்டிராததையும் சொல்லும் இந்தப் படைப்புத்திறனும் ஒரு காரணம். இலக்கணத்துக்கான சட்டகம் பிறவியிலேயே உள்ளது என்பது சாம்ஸ்கியின் வாதம். கணக்கெடுக்கும் திறனும் பிறர் மனத்தைப் படிக்கும் திறனும் போதும் என்பது டோமசெல்லோ போன்றோரின் வாதம். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் சுற்றிலும் ஆள்கள் பேசாமல் மொழி வராது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

சிந்தனை மொழிக்குக் காத்திருப்பதில்லை. ஐந்து மாதக் குழந்தைக்கு முன்னால் ஒரு பொம்மையை வைத்துத் திரையால் மறைத்து, இன்னொரு பொம்மையையும் திரைக்குப் பின்னால் வைத்து, திரையை எடுக்கும்போது ஒன்றே ஒன்று இருந்தால் குழந்தை அதிக நேரம் உற்றுப் பார்க்கிறது. கேரன் வின் 1992இல் செய்த சோதனை இது. 'இரண்டு' என்ற சொல் வருவதற்கு முன்பே இரண்டு என்ற உணர்வு இருக்கிறது. மொழி வந்த பிறகு அந்தச் சிந்தனைக்கு என்ன ஆகிறது என்பதே கேள்வி. அதில் எதிரெதிர் நின்றவர்கள் இருவரும் 1896இல் பிறந்தவர்கள்.

ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே, ஜெனீவாவில் ஒரு பள்ளியில் ஆறு வயதுச் சிறுவர் இருவர் பேசியதையெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதம் எழுதிவைத்து, 1923இல் நூலாக்கினார். அந்தப் பேச்சில் கணிசமான பகுதி யாருக்கும் சொல்லப்பட்டதல்ல. குழந்தைகள் தமக்குத்தாமே பேசிக்கொண்டார்கள். பிறர் நோக்கில் பார்க்கத் தெரியாத மனத்தின் அடையாளம் இது, வளர வளர மறைந்துவிடும் என்றார் பியாஜே. ரஷ்யாவின் லெவ் விகோட்ஸ்கி அதையே வேறு கண்ணால் பார்த்தார். வேலையில் வேண்டுமென்றே ஒரு தடங்கல் ஏற்படுத்தினால் குழந்தைகளின் தனிப்பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அவர் சொல்லும் ஐந்தரை வயதுக் குழந்தை டிராம் வண்டி ஒன்றை வரைந்துகொண்டிருந்தது. பென்சில் முனை ஒடிந்தது. 'ஒடிஞ்சிருச்சு' என்று தனக்குள் சொல்லிக்கொண்ட குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்துபோன வண்டியை வரையத் தொடங்கியது. பென்சிலைப் பற்றி வந்த ஒரு சொல் படத்தின் திட்டத்தையே மாற்றிவிட்டது. தனிப்பேச்சு மறைவதில்லை, உள்ளே போகிறது என்றார் விகோட்ஸ்கி. பிறரோடு பேசக் கற்ற பேச்சு, தன்னோடு பேசும் பேச்சாகி, கடைசியில் ஓசையில்லாத எண்ணமாகிறது. 1934இல் காசநோயால் 37 வயதில் அவர் இறந்தார். இக்கருத்தை விளக்கும் அவருடைய நூல் அதே ஆண்டு வெளியாகி, 1936க்குப் பின் சோவியத் நாட்டிலேயே முடக்கப்பட்டது. ஆங்கிலத்துக்கு வந்தது 1962இல். தனிப்பேச்சைப் பற்றிய அளவில் பிற்கால ஆய்வுகள் விகோட்ஸ்கியின் பக்கமே சாய்ந்திருக்கின்றன. தனியாக முணுமுணுத்தபடி கட்டை அடுக்கும் குழந்தையை 'சும்மா இரு' என்று அடக்குவது அதன் யோசனையை நிறுத்துவதாகும்.

மொழி எண்ணத்தைக் கட்டும் விதம் எண்களில் கண்கூடு. இரண்டு வயதில் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று பத்து வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் மூன்று பழம் கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். ஒன்றின் பொருள் முதலில் தெரிகிறது. பல மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. மூன்றரை, நான்கு வயதில்தான் கடைசியாக எண்ணிய சொல்லே மொத்தத்தின் அளவு என்ற உண்மை விளங்குகிறது. பாட்டாக மனப்பாடமான சொல் வரிசையைப் பற்றிக்கொண்டே அந்த உச்சிக்குக் குழந்தை ஏறுகிறது. அந்த வரிசையே இல்லாத மொழியும் உண்டு. பிரேசிலின் அமேசான் காட்டில் வாழும் பிராஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்ணுப்பெயர்கள் இல்லை. கண்முன் இருக்கும் பொருள்களுக்கு ஒன்றுக்கு ஒன்று இணை வைப்பது அவர்களால் முடிகிறது. அவற்றை மறைத்துவிட்டு அதே அளவு கேட்டால் விடை தோராயமாகிறது என்று மைக்கேல் ஃபிராங்கின் குழு 2008இல் கண்டது. எண்ணுப்பெயர்கள் அளவை நினைவில் பிடித்துவைக்க உதவும் கருவிகள்.

எல்லா இடத்திலும் சொல்தான் எண்ணத்துக்கு வழிகாட்டுகிறது என்று சொல்லிவிட முடியாது. தான் பார்த்ததை 'வந்தான்' என்றும் கேள்விப்பட்டதை 'வந்தானாம்' என்றும் தமிழ் பிரித்துச் சொல்கிறது. கொரிய மொழியும் இப்படிச் செய்யும். ஆனால் ஒரு செய்தி எப்படித் தெரியவந்தது என்பதை உணர்வதில் கொரியக் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளை முந்தவில்லை என்று அன்னா பாபஃப்ராகுவும் உடன் ஆய்ந்தவர்களும் 2007இல் காட்டினார்கள்.

பிறர் மனத்தை அறிவதில் மொழியின் பங்கு மிகப் பெரியது. சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை புது இடத்தைக் காட்டும். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் பலர் பழைய இடத்தைக் காட்டுவார்கள். ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் 1983இல் வகுத்த சோதனை இது. 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' போன்ற சொற்கள் இந்தத் தெளிவுக்கு உதவுகின்றனவா, அல்லது தெளிவு வந்த பிறகு சொற்கள் வருகின்றனவா? விடை நிகரகுவாவிலிருந்து வந்தது. அங்கே 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி தொடங்கும் வரை, காது கேளாத குழந்தைகள் வீடுகளில் தனித்தனியே மொழியின்றிக் கிடந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்பித்தார்கள். குழந்தைகளோ விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் தமக்குள் ஒரு சைகை மொழியைப் படைத்துக்கொண்டார்கள். முதல் தலைமுறையின் சைகை எளிமையாக இருந்தது. 1980களில் வந்த சிறு பிள்ளைகள் அதைச் செழுமையாக்கினார்கள். ஜெனி பையர்ஸும் ஆன் செங்காஸும் இரு தலைமுறையையும் படங்களை வைத்துச் சோதித்தார்கள். மனநிலையைக் குறிக்கும் சைகைகள் குறைவாக இருந்த முதல் தலைமுறையினர், வளர்ந்த பெரியவர்களாக இருந்தும், அச்சோதனையில் தடுமாறினார்கள். இளையவர்கள் எளிதில் தேறினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இடையில் இளையவர்களோடு பழகி அச்சைகைகளைக் கற்றிருந்த மூத்தவர்களும் முன்னேறியிருந்தார்கள். சொற்கள் முதலில் வந்தன, தெளிவு பின்னால் வந்தது. 2009இல் வெளியான இந்த ஆய்வைவிட வலுவான சான்று இத்துறையில் அரிது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது. சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் மேற்சொன்ன சோதனையில் மற்றக் குழந்தைகளுக்குச் சளைப்பதில்லை. கேட்கும் திறனுள்ள, சைகை அறியாத பெற்றோரின் குழந்தைகளே பின்தங்குகிறார்கள். குறை காதில் இல்லை, மொழி கிடைக்காமல் போனதில் இருக்கிறது. 'இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்று காத்திருக்கும் வீடுகளில் அந்த இழப்பு மாதம் மாதமாகக் கூடுகிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குதல் என்பதே மருத்துவர்கள் வகுத்துள்ள அளவு. கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோவின் குழு 1998இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே இருந்தார்கள். ஒரு வயதில் அசை அடுக்கோ சுட்டிக்காட்டலோ இல்லாத குழந்தைக்கும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்காத குழந்தைக்கும் முதலில் சோதிக்க வேண்டியது காதைத்தான்.